ஈச்சங்குப்பத்து முதல் வசை

ஆந்திரப் பக்கத்து எல்லை ஊரான ஈச்சங்குப்பத்தில் பெரிய மனிதர்களை வாய்விட்டுத் திட்டும் உரிமை ஒரே ஒரு வீட்டுக்குத்தான் உண்டு. அது தாட்சாயணியின் வீடு. வேறு யார் திட்டினாலும் அது சண்டை; அந்த வீட்டார் திட்டினால் அது பூசை. வருஷம் பூராவும் இல்லை, அம்மன் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரையன்று மட்டும். திருப்பதியில் செய்கிற மாதிரிதான் இங்கும். உடம்பில் கரி பூசி, இடுப்பில் வேப்பிலை கட்டி வேஷம் போட்டவர் கோயில் வாசலில் நின்று, காது கூசுகிற வார்த்தைகளால் அம்மனைத் திட்டுவார். திட்டத் திட்ட அம்மன் குளிர்வாள். அம்மனை முடித்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்கள் வாசலுக்கு வருவார். அவர்கள் கைகூப்பி, கண்ணை மூடி, சிரித்த முகமாக வாங்கிக்கொள்ள வேண்டும். முகம் சுளித்த வருஷம் மழை பெய்யாது என்று பேச்சு.

சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாமல் அடுத்தவர் கழனியில் குனிந்து கிடந்த காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே சொத்து இந்த முதல் வசைதான். தாட்சாயணியின் புருஷன் கங்கையா திட்ட ஆரம்பித்தால் கார்வேட்டிநகரத்திலிருந்து பஸ் ஏறி வந்து கேட்பார்கள். கங்கையா செத்தபின் அந்த உரிமை மகன் ரமணாவுக்கு வந்திருக்க வேண்டும். அவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் புதிதாக வந்த ஒரு கார் கம்பெனியின் கேட்டில் காவலுக்கு நின்றுகொண்டிருந்தான். ஜாத்திரைக்கெல்லாம் லீவு கிடையாது. ஆகவே தாட்சாயணியே கரி பூசிக்கொண்டாள். முதல் வருஷமே ஊராட்சித் தலைவரான சர்பஞ்ச் நாகபூஷணம் அவள் போன திசையைப் பார்த்து, "கங்கையாவே தேவலாம்பா" என்றார். அதைவிடப் பெரிய பட்டம் அந்த ஊரில் இல்லை.

மொட்டப்பாறை அடிவாரத்தில் சர்க்கார் கொடுத்த ரெண்டு ஏக்கரா அவளுக்கு இருந்தது. வேர்க்கடலை போடுவாள். நிலத்துக்குள்ளேயே பாறையடிக் கிணறு. ஊரே அதில்தான் குடிதண்ணீர் எடுக்கும். ஊரில் எந்தக் குழந்தை பிறந்தாலும் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்து, "இந்த மண்ணுல பொரளு, இந்தத் தண்ணியக் குடி, இங்கயே நெலைச்சி நில்லு" என்று சொன்ன பிறகுதான் தாய்ப்பால். ரமணாவின் நாக்கிலும் வைத்தாள். அவன் நிலைத்து நிற்காமல் போனதுதான் அவளுடைய ஒரே குறை. புத்தூர் பூத்திலிருந்து போன் போடும்போதெல்லாம் அதே பேச்சுத்தான்.

"வந்துர்றா ரமணா. கெணத்துல தண்ணி கீது, நெலம் கீது. அங்க இன்னாத்த காவல் காக்கற?"

"கேட்ட காக்கறேம்மா."

"உள்ள இன்னா கீது?"

"எனக்கு இன்னா தெரியும்? என்னை உள்ள வுட மாட்டாங்கோ."

"உள்ள இன்னா கீதுன்னே தெரியாம நிக்கிறதுக்கு ஒரு உத்தியோகமாடா?"

இப்படி இருக்கையில் ஒருநாள் மொட்டப்பாறைக்கு ஜீப்புகள் வந்தன. குழாய் வைத்துப் பாறையைத் துளைத்தார்கள். தாட்சாயணி நேராகச் சர்பஞ்ச் வீட்டுக்குப் போனாள்.

"இன்னா நாகபூஷணம் அண்ணா, பாறையத் தொளைச்சிக்கினு கீறாங்களே, தண்ணி பாக்கறாங்களா?"

"தண்ணி இல்ல தாட்சாயணி. சென்ட்ரல் கவர்மெண்டு. சாமான் வெக்கறதுக்கு ஜாகா பாக்கறாங்கோ."

"இன்னா சாமான்?"

"கரெண்டு செஞ்சி முடிச்ச சாமான். அணுகரெண்டு."

"முடிஞ்சி போச்சின்னா தூக்கிப் போட வேண்டியதுதான?"

"அதான் போடறாங்கோ."

"எங்க?"

"இங்க."

தாட்சாயணி மொட்டப்பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "எங்கெணறு?" என்றாள்.

"அதெல்லாம் பத்திரமா இருக்கும்னுதான் சொல்றாங்கோ. பத்தாயிரம் வருஷம் பக்கத்துல யாரும் போகாம இருந்தா ஒண்ணும் ஆவாதாம்."

அடுத்த தடவை ஜீப் வந்தபோது ஊர் திரண்டு மறித்தது. சப்இன்ஸ்பெக்டர் சாய்குமார் இறங்கி, சர்க்கார் ஊழியரை ஒரு வார்த்தை திட்டினாலும் கேஸ், சித்தூர் ஜெயில் என்று தெலுங்கு, தமிழ் இரண்டு பாஷையிலும் சொல்லிவிட்டுப் போனார். ஆட்சேபணை இருந்தால் பிரஜாபிப்ராய சேகரணையில் வந்து சொல்லட்டும். அதாவது, மக்கள் கருத்தைக் கேட்கிற கூட்டம். அது எப்போது என்றால் ஜாத்திரையன்று. எல்லாரும் ஊரில் இருப்பார்கள் அல்லவா?

"வாய தொறந்தா கேஸுன்னா எப்பிடி வேணாம்னு சொல்றது?" என்றாள் பக்கத்து வீட்டு மல்லிகா. பிறகு அவளேதான் துள்ளி எழுந்தாள். "அக்கா! ஜாத்திரைதான அன்னிக்கு? வேஷத்துலயே போயி திட்டினா? வேஷத்துல கீறவங்க மேல எந்த போலீஸ் கை வெப்பான்? வெச்சா அவன் ஊட்ல அம்மை போட்டுடும்."

ஊருக்கே அது பிரமாதமாகப் பட்டது. கேஸிலிருந்து தப்பலாம், மனசாரத் திட்டலாம். வேறெந்த ஊருக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. ஆகவே வேறெந்த ஊரும் இப்படி அகப்பட்டுக்கொண்டிருக்கவும் முடியாது.

ஸ்கூல் மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். அகில பாரத நிலத்தடி நிரந்தர வைப்பு ஆணையத்தின் இயக்குநர் டாக்டர் வேதாச்சலம் வந்திருந்தார். எல்லைப்புறத்து ஜனங்களுக்குத் தமிழிலேயே விளக்க வேண்டும் என்ற பெருந்தன்மையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கரி பூசிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்த ஊரைப் பார்த்து ஒரு கணம் திகைத்தாலும், பேசக் கொண்டுவந்ததைப் பேசினார்.

"சிலர் இதைக் கழிவு என்கிறார்கள். எனக்கு மனம் வலிக்கிறது. இது ஓய்வுபெற்ற எரிபொருள். நாட்டுக்காக உழைத்துக் களைத்தது. ஓய்வுபெற்றவர்களுக்கு நாம் என்ன தருவோம்? அமைதியான ஓர் இடம். நாடு முழுக்கத் தேடினோம். பாறை கெட்டியாக இருக்க வேண்டும். மழை குறைவாக இருக்க வேண்டும். பூமி ஆடக் கூடாது. எந்த மந்திரிக்கும் அங்கே மாமனார் வீடு இருக்கக் கூடாது. எல்லாம் பொருந்திய இடம் உங்கள் ஊர்! கைதட்டலாம்."

மேடையில் இருந்தவர்கள் தட்டினார்கள்.

"இன்னொரு சிறப்பு. உங்கள் பிள்ளைகள் ஏற்கனவே மெட்ராஸுக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். மீதிப் பேரும் போய்விடுவார்கள் என்று எங்கள் வல்லுநர்கள் கணித்திருக்கிறார்கள். காலியாகப் போகிற ஊர் ஒன்றுக்கு நிரந்தரமாக இருக்கக்கூடிய ஒருவரை நாங்கள் அனுப்பிவைக்கிறோம். எங்கள் பொருள் பிழைப்பு தேடி எங்கும் போகாது."

மல்லிகா எழுந்தாள். "ஹைதராபாத்துல வெக்கறதுதான சார்?"

"அம்மா, அங்கே மனிதர்கள் வசிக்கிறார்களே."

"அப்ப நாங்க?"

"நீங்கள் பொதுமக்கள்" என்றார் வேதாச்சலம், கொஞ்சமும் யோசிக்காமல்.

தாட்சாயணி கேட்டாள்: "சரி, நீங்கள்லாம் எங்க குடியிருப்பீங்க?"

"திருப்பதியில். ஊழியர்களும் அவர்கள் குடும்பமும் இங்கிருந்து நல்ல தூரத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்று விதி. விதிகளை மீறும் பழக்கம் எங்களுக்கு இல்லை."

அவ்வளவுதான். தாட்சாயணி இடுப்பு வேப்பிலையை இறுக்கிக்கொண்டு மேடைக்கு எதிரே வந்து நின்றாள்.

"அடேய் கட்டையில போறவனே! யார் ஊட்டு எழவ யார் ஊட்டு அடுப்படியில பொதைக்க வந்த? நீ துன்ற சோத்துல பல்லி உழ! நீ படுக்கற பாயில தேளு குட்டி போட! பாடை கட்ட மூங்கில் கெடைக்காம நாறிப் போவ! எங்க கெணத்துல கை வெச்சன்னா கை வெளங்குமா, கால் வெளங்குமா, உன் குலம் வெளங்குமா..."

ஊர் அவளுக்குப் பின்பாட்டுப் பாடியது. இத்தனை பேர் ஒரே குரலில் திட்டி அந்த ஊர் கேட்டதில்லை. சாய்குமார் லத்தியைக் கீழே வைத்துவிட்டார். வேதாச்சலத்தின் முகம் வெளுத்துப் போயிற்று. சட்டைக் காலர் நனைந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே தாட்சாயணி நினைத்தாள்.

அப்போது மேடையின் ஓரத்து நாற்காலியிலிருந்து ஜிப்பா போட்ட ஒருவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். ஜெயச்சந்திரன் என்று பெயர். ஆணையத்தின் பண்பாட்டு ஆலோசகர்.

"அன்பர்களே, இயக்குநர் அவர்களே, தயவுசெய்து கலங்காதீர்கள். இந்த மாவட்டத்தின் வசை மரபைத்தான் நான் ஆராய்ந்து பட்டம் வாங்கினேன். இவர்கள் யாரைத் திட்டுவார்கள்? அம்மனை. வேண்டாத அம்மனையா? இல்லை, குலத்தைக் காக்கிற அம்மனை! இங்கே வசை என்பது வழிபாடு. அம்மனுக்கு மட்டுமே உரிய முதல் வசையை, அந்த உரிமை பெற்ற குடும்பமே, வேஷத்தோடு, வேப்பிலையோடு வந்து இன்று நமக்குச் சமர்ப்பித்திருக்கிறது. ஒரு மத்திய அரசு நிறுவனத்துக்கு எந்த ஊரும் இப்படி ஒரு வரவேற்பைக் கொடுத்ததில்லை. எனக்குக் கண் கலங்குகிறது."

வேதாச்சலம் நிமிர்ந்தார். கை கூப்பினார், கண்ணை மூடினார், சிரித்த முகமானார். எப்படி வாங்கிக்கொள்ள வேண்டுமோ அப்படியே வாங்கிக்கொண்டார்.

"யோவ்!" என்று கத்தினாள் தாட்சாயணி. "அது சாமிக்கு! இது உனக்கு! அது வேற, இது வேறய்யா!"

"பாருங்கள், என்ன பணிவு!" என்றார் ஜெயச்சந்திரன்.

"வேஷத்த அவுத்துட்டு சொல்றேன். வேணாம்! எங்களுக்கு வேணாம்!"

அவள் கை வேப்பிலை முடிச்சுக்குப் போனது. சாய்குமார் ஒரு அடி முன்னால் வந்தார். "சார், வேஷத்தை அவுத்துட்டுத் திட்டினா கேஸ் போடலாம் இல்ல?"

"தாராளமாக" என்றார் வேதாச்சலம், கண்ணைத் திறக்காமல்.

மல்லிகா ஓடிவந்து தாட்சாயணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிச்சு அவிழவில்லை. ஊர் ஒருமனதாகச் சம்மதித்தது என்று மைக்கில் அறிவித்து, எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஊர் என்ன செய்தாலும் ஜெயச்சந்திரன் அதற்கு ஓர் அர்த்தம் வைத்திருந்தார். லாரிகள் வரும் பாதையில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். சாணி தெளித்து வாசல் அலங்கரித்திருக்கிறார்கள் என்று டிரைவர்களை இறங்கி வணங்கிவிட்டுப் போகச் சொன்னார். கோயிலெதிரே பட்டினி கிடந்தார்கள். கட்டடம் நல்லபடியாக எழும்ப விரதம் இருக்கிறார்கள் என்றார். மூன்றாம் நாள் விரதம் முடிக்க ஆணையத்தின் செலவில் பொங்கல் வந்தது. மல்லிகா பொறுக்கமாட்டாமல் வேதாச்சலத்தின் கார்மேல் செருப்பை வீசினாள். ஏழுமலையானுக்கே செருப்புக் காணிக்கை செலுத்துகிற பூமி இது என்று நெகிழ்ந்துபோனார் ஜெயச்சந்திரன். ஆனால் ஒற்றைச் செருப்பைக் காணிக்கையாக ஏற்பது மரபில்லையாம். மறுநாள் ஆணையத்தின் பியூன் ஒருவர் மல்லிகா வீட்டு வாசலில் வந்து நின்று, "ஜோடிய குடுத்தீங்கன்னா கண்ணாடிப் பெட்டியில வெச்சிடுவாங்கம்மா" என்றார்.

கடைசியில் ஊர் ஒன்றுமே செய்யாமல் இருந்து பார்த்தது. அதற்கு ஜெயச்சந்திரன் தேவைப்படவில்லை. அதன் அர்த்தம் சாய்குமாருக்கே தெரிந்திருந்தது.

பாறைக்குள் சுரங்கம் போயிற்று. மேலே மஞ்சள் கட்டடம் எழும்பியது. தாட்சாயணியின் கடலைக் கொல்லையைச் சேர்த்துக் கம்பிவேலி போட்டார்கள். கிணற்றின் மேல் கான்கிரீட் மூடி வந்தது. தண்ணீரில் ஆபத்து ஏதும் இல்லை என்றும், ஏதும் இல்லாத அந்த ஆபத்திலிருந்து மக்களைப் பாதுகாக்கவே மூடி என்றும் விளக்கினார்கள். குடிதண்ணீர் டேங்கரில் வந்தது. அதில் பினாயில் வாடை அடித்தது. கிணறு இருந்த காலத்தில் ஊர் எந்தச் சாமியிடமும் தண்ணீர் கேட்டதில்லை. இப்போது டேங்கர் டிரைவரை "சாமி" என்று கூப்பிட்டார்கள்.

ஒருநாள் புத்தூர் பஸ்ஸிலிருந்து பையோடு ரமணா இறங்கினான். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா! இங்கயே வேலை கெடச்சிட்ச்சி. இனிமே ஊரோடதான். நீதான கேட்டுக்கினே இருந்த?"

"இன்னா வேலைடா?"

"கேட்டுல."

தாட்சாயணி அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். வேண்டிக்கொண்ட எல்லாச் சாமிகளும் ஒன்றுகூடிக் கொடுத்த வரத்தில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. மகன் வந்துவிட்டான். அவள் நிலத்திலேயே, அவள் கிணற்றுக்குப் பக்கத்திலேயே, தொப்பி வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றான். அவளை உள்ளே விடாமல் இருப்பதுதான் அவன் வேலை.

ஒருநாள் அவள் மனசு தாங்காமல் கேட்டுக்கே போய் நின்று வேலியைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"அம்மா, அம்மா, வேணாம்மா." ரமணா ஓடிவந்தான். "இன்னிக்குத் திட்டாத. ஜாத்திரை அன்னிக்குத்தான் பர்மிஷன். மத்த நாள்ல திட்டினா கேஸு. நான்தான் போன் போட்டு சொல்லணும்."

"நீயே சொல்லுவியாடா?"

"சொல்லலன்னா வேலை போய்டும்மா. மறுபடி ஸ்ரீபெரும்புதூருக்குத்தான் போவணும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவன் நிம்மதியாகச் சிரித்து, "டேங்கர் வந்துட்ச்சா?" என்று கேட்டான்.

அடுத்த ஜாத்திரையை ஆணையமே எடுத்து நடத்தியது. கேட்டுக்கு எதிரே மேடை, சீரியல் பல்பு, பின்னால் "வசை விழா" என்று துணிப்பலகை. எல்லாருக்கும் இலவசக் கரி. பேப்பர்காரர்களும் திருப்பதியிலிருந்து வந்திருந்தார்கள். வேதாச்சலத்தின் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. திருப்பதி மலைக்கு மொட்டையடிக்க வந்தவர்கள் திரும்பிப் போகிற வழி. வந்ததோடு மேடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் மக்களுக்கு நம்பிக்கை வளரும் என்று ஜெயச்சந்திரன்தான் கட்டாயப்படுத்தினார். வேதாச்சலத்துக்கு அரைமனசுதான். "பத்து நிமிஷம். காரை நிறுத்தாமல் ஓடவிட்டே வைத்திரு" என்று டிரைவரிடம் சொல்லியிருந்தார். மகள் மடியில் குழந்தை, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, பல்பு வெளிச்சத்தைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"முதல் வசை!" என்று அறிவித்தார் ஜெயச்சந்திரன்.

தாட்சாயணி மேடையேறினாள். கையில் வேப்பிலை போட்ட செம்புத் தண்ணீர். மூடி போடுவதற்கு முதல் நாள் குடத்தில் மொண்டு, மஞ்சள் துணியால் வாய் கட்டி வீட்டில் வைத்திருந்த கிணற்றுத் தண்ணீர் அது. அம்மனுக்கு வேறு தண்ணீர் ஆகாது. வேதாச்சலம் வழக்கப்படி கண்ணை மூடினார். தாட்சாயணி வாயைத் திறந்தாள். திட்டு ஒன்றும் வரவில்லை. போன வருஷம் சொன்னதையே சொல்லலாம். சொன்னால் கைதட்டுவார்கள், கேசரி கொடுப்பார்கள்.

"ஆரம்பிம்மா" என்றார் ஜெயச்சந்திரன் தணிந்த குரலில். "போட்டோ எடுக்கறாங்க."

அவள் கண் குழந்தைமேல் பட்டது. குழந்தை பொக்கை வாயைத் திறந்து அவள் கரி முகத்தைப் பார்த்துச் சிரித்தது. ஈச்சங்குப்பத்துப் பெண் ஒருத்தி குழந்தையைக் கண்டால் என்ன செய்வாளோ அதைத்தான் தாட்சாயணி செய்தாள். குனிந்தாள். செம்பில் விரலை நனைத்தாள். ஒரு சொட்டைக் குழந்தையின் நாக்குக்குக் கொண்டுபோனாள்.

"என் ராசாத்தி! இந்த மண்ணுல பொரளு. இந்தத் தண்ணியக் குடி. இங்கயே நெலைச்சி நில்லு. இங்கயே ஊடு கட்டி, இங்கயே கல்யாணம் கட்டி, இங்கயே புள்ள பெத்து, எங்களாட்டம் இங்கயே நூறு வருஷம்..."

மகள் போட்ட அலறலில் மேளம் நின்றது. குழந்தையைப் பறித்துக்கொண்டு மேடையிலிருந்து குதித்து ஓடினாள். ஒரு செருப்பு மேடையிலேயே கிடந்தது. அதைக் காணிக்கை என்று யாரும் சொல்லவில்லை. வேதாச்சலம் கைக்குட்டையால் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே கார் வரைக்கும் கூடவே ஓடினார். சொட்டு விழவே இல்லை, ஆனாலும் துடைத்தார். திரும்பி வந்தபோது அவருடைய மேடைத் தமிழ் போன இடம் தெரியவில்லை.

"அவளைப் பிடி! பச்சைக் குழந்தைடா! பச்சைக் குழந்தையைப் பார்த்து என்ன வார்த்தை சொல்றா! இங்கயே இருக்கணுமாம்! இந்தத் தண்ணியைக் குடிக்கணுமாம்! கொலை மிரட்டல்! சாய்குமார், நீங்க கேட்டீங்க இல்ல? கொலை மிரட்டல்!"

"கேட்டேன் சார். நூறு வருஷம்னு காலக்கெடு வேற சொன்னா."

ஜெயச்சந்திரன் மைக்கை அணைத்துக் கீழே வைத்தார். வாழ்த்துக்கு அவர் ஆராய்ச்சியில் அர்த்தம் எதுவும் இருக்கவில்லை.

ஸ்டேஷனில் தாட்சாயணியைத் தரையில் உட்கார வைத்தார்கள். வேதாச்சலம் நாற்காலியில். அதற்குள் அவருக்கு மேடைத் தமிழ் திரும்பியிருந்தது.

"நான் கொடியவன் அல்ல. ஏழைகள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அந்த ஆசீர்வாதத்தை நீ திரும்பப் பெற்றுக்கொள். வழக்கம்போல என்னைப் பிடித்து நாலு திட்டு திட்டிவிடு. புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்."

"திட்டும்மா" என்றார் சாய்குமார். "உனக்கு என்ன புதுசா? கட்டையில போறவனே, அது இதுன்னு ஏதாவது சொல்லு. வீட்டுக்குப் போலாம்."

தாட்சாயணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நல்ல வார்த்தைதான சாமி சொன்னேன்? என் புள்ளைக்கு சொன்னதத்தான் சொன்னேன். எங்க ஊர்ல பொறந்த எல்லாக் கொழந்தைக்கும் அதான். நாங்க குடிச்சிக்கினு இல்லியா? நாங்க பொரண்டுக்கினு இல்லியா?"

"உங்களைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்?" என்றார் வேதாச்சலம்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ரொம்ப நாளாக மூடியிருந்த கிணற்றின் கான்கிரீட் பலகையை யாரோ லேசாக நகர்த்திய மாதிரி இருந்தது. அவள் எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் வேதாச்சலத்தின் தலைக்கு நேரே தூக்கினாள். குரலில் தேன் ஒழுகியது.

"நல்லா இரு நைனா. திருப்பதி உனக்கு இன்னாத்துக்கு? என் ஊட்டுப் பக்கத்துலயே உனக்கு ஒரு ஊடு அமையணும். எங்கெணத்து மூடி தொறந்து, காலையில எழுந்து ஒரு சொம்பு குடிச்சி..."

வேதாச்சலம் நாற்காலியோடு பின்னால் சரிந்தார். சாய்குமார் மேசையைத் தட்டி, "ஏய்! வாய மூடு!" என்றார்.

தாட்சாயணி அவர் பக்கம் திரும்பினாள். "நீயும்தான் நைனா. உனக்கு மாத்தலே வரக் கூடாது. இந்த ஸ்டேஷன்லயே நீ ரிட்டைர் ஆவணும். உன் புள்ளைக்கு அந்த கேட்டுல வேலை கெடைக்கணும்."

சாய்குமாருக்கு வேர்த்துவிட்டது. ஓரத்தில் நின்ற பெண் கான்ஸ்டபிள் ரூபா சத்தம் போடாமல் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். இன்னொரு கான்ஸ்டபிள் வாசல் பக்கம் நழுவினார். "இந்தப் பொம்பளைய இங்க வெச்சிக்க முடியாது. சித்தூருக்கு ஏத்து" என்று கத்தினார் சாய்குமார். "வழியில யாரையும் வாழ்த்தாம பாத்துக்க!"

ஜீப் மொட்டப்பாறை வழியாகத்தான் போயாக வேண்டும். கேட்டில் ரமணா நின்றுகொண்டிருந்தான். போலீஸ் வண்டிக்குச் சல்யூட் அடிக்க வேண்டும் என்பது விதி. அடித்தான். கம்பிக்குப் பின்னால் அம்மாவைப் பார்த்த பிறகும் கை இறங்க மறந்து அப்படியே நின்றது. பிறகு ஓடிவந்து ஜீப்பை மறித்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, நான் இன்னா பண்ணட்டும்? எதுனா சொல்லிட்டுப் போம்மா. நல்லதா ஒரு வார்த்தை சொல்லும்மா."

"ஏய், வாழ்த்தினா இன்னொரு கேஸு, சொல்லிட்டேன்" என்றார் முன்சீட்டிலிருந்து சாய்குமார்.

தாட்சாயணி மகனைப் பார்த்தாள். தொப்பி, பித்தளைப் பொத்தான், காலில் ஆணையத்தின் பூட்ஸ். அவனுக்குப் பின்னால் வேலி, வேலிக்குள் கடலைக் கொல்லை இருந்த இடம், கான்கிரீட் மூடி. அவனை ஊருக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் வாய் வலித்திருக்கிறது. ஜாத்திரையில் ஊரையே திட்டியவள், பெற்ற பிள்ளையை ஒருநாளும் திட்டியதில்லை.

"அடேய் வெளங்காதவனே!" என்று ஆரம்பித்தாள். மேடையில் வராத குரல் இப்போது வந்தது. "இந்த எழவெடுத்த கேட்டப் புடிச்சிக்கினு இன்னாத்துக்குடா நிக்கற? உன் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன். இந்த மண்ணு உனக்கு ஒட்டாது! இந்தத் தண்ணி உனக்கு எறங்காது! இந்த ஊர்ல உனக்கு பொண்ணு அமையாது, ஊடு அமையாது! பஸ்ஸு புடிச்சி கண்காணாத தேசத்துக்கு ஒழிஞ்சி போடா! நான் செத்தாலும் கொள்ளி போட வராத! வந்தன்னா நீ எனக்குப் பொறந்தவனே இல்ல! போ! போய்த் தொலை!"

ரமணா முதலில் விதிர்த்துப் போனான். பிறகு, என்ன இருந்தாலும் கங்கையாவின் மகன் அல்லவா, மெதுவாகக் கம்பியை விட்டான். கை கூப்பினான். கண்ணை மூடினான். கன்னத்தில் கண்ணீர் வழிய வழியச் சிரித்த முகமாக நின்று, அவள் முடிக்கும் வரை ஒரு வார்த்தை விடாமல் வாங்கிக்கொண்டான்.

"சார், இதுக்கு கேஸ் உண்டா?" என்று கேட்டாள் ரூபா.

"இதுக்கு எதுக்கு? இன்னிக்கு ஜாத்திரை. திட்டத்தான திட்டினா?" என்றார் சாய்குமார். "வண்டிய எடு."

மறுநாள் காலையில் கேட்டில் காவலுக்கு யாரும் இல்லை. கம்பி நுனியில் ஒரு தொப்பி மாட்டியிருந்தது. கீழே ஒரு ஜோடி பூட்ஸ். ஜெயச்சந்திரன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஜோடி சரியாக இருந்தது. அவருக்குக் கண் கலங்கியது. கண்ணாடிப் பெட்டி கொண்டுவரச் சொன்னார்.